போஹோல் தீவில் கேட்டது

அப்பா ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தார். அதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில், விசுவாசம் எப்படி வருகிறது என்று பவுல் சொல்லும் இடம் ஒன்று உண்டு. காதால் கேட்டு வருகிறது என்பது பொருள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அங்கே 'கேள்வி' என்ற சொல் இருக்கும். திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பாக நிற்கிற அதே கேள்விதான். செவிவழி வரும் அறிவு. பிறவியிலேயே காது கேட்காத என் அப்பாவுக்கு அந்தப் பொருள் எப்படித் தெரியும்? அவருக்குக் கேள்வி என்றால் பரீட்சைத் தாளில் வருகிற கேள்வி. கேள்வி கேட்டால்தான் விசுவாசம் வரும் என்று பவுலே எழுதிவிட்டார் என்பது அவருடைய முடிவு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் எங்கள் சபைப் போதகரான ஐயரைப் பிடித்துக்கொள்வார். நோவாவின் பேழையில் மீனுக்கு இடம் உண்டா? காயீனுக்குப் பெண் கொடுத்தது யார்? எட்டு வயதுப் பெண்ணான நான் இடையில் நின்று அவர் கையைப் பார்த்துச் சொல்லுவேன். ஐயர் சொல்வதைக் கேட்டு என் கையால் சொல்லுவேன். பத்தில் ஏழு கேள்விக்கு ஐயர் என் தலையைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

அப்பா பாளையங்கோட்டையில் படித்தவர். ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மையார் 1890-களில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி அது. அங்கே கற்ற தையல்தான் எங்களைச் சாப்பிட வைத்தது. அம்மாவுக்கும் காது கேட்காது. வீட்டில் கேட்கிற காது என் ஒருத்தியுடையது. ஆகவே பால்காரர், கரண்ட் பில், பொண்ணு பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் நான்தான் வாய். பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. இப்போது சைகைமொழி பெயர்ப்பாளராக இருக்கிறேன். கோர்ட், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன்.

2016 கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், சென்னையில் காது கேளாதோர் சபை ஒன்றை நடத்துகிற போதகர் போன் செய்தார்.

"அக்கா, பிப்ரவரியில பிலிப்பைன்ஸ் போறோம். போஹோல்னு ஒரு தீவு. மொத்தம் ஒன்பது நாள். அஞ்சு நாள் ஊழியம், ரெண்டு நாள் சுத்திப் பாக்கிறது, மிச்சம் பயணத்துக்குச் சரியாப் போயிரும். தலைக்கு அறுபத்தஞ்சாயிரம். நீங்க வரலேன்னா எங்களுக்கு நாக்கே இல்ல."

வாட்ஸ்அப்பில் துண்டறிக்கை வந்தது. மேலே ஒரு வசனம். கீழே வெள்ளை மணல், நீலக் கடல், உள்ளங்கை அளவு உடம்பில் பாதி கண்ணாக இருக்கிற டார்சியர் என்ற குட்டி விலங்கு. ஊழியமா, உல்லாசமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை. வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களில் கடலில் கால் நனைக்காமல் திரும்புகிறவர் யார்? ராமேஸ்வரம் போனவர் தனுஷ்கோடியைப் பார்க்காமல் வருவாரா? யாத்திரையும் உலாவும் நம் ஊரில் எப்போதும் ஒரே வண்டியில்தான் போயிருக்கின்றன. எனக்கு இருந்த சந்தேகம் வேறு. ஐந்து நாளில் அந்த ஊர்க் கைகளை யார் படிக்கப் போகிறார்கள்?

இந்த மாதிரிப் பயணம் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்க, கொரியச் சபைகள் கரீபியன் தீவுகளுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் குழு குழுவாகப் போகின்றன. காலையில் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிப்பது, மாலையில் பாட்டும் நாடகமும், கடைசி நாள் கடற்கரை. காது கேளாதோரைத் தேடிப் போகிற குழுக்கள் அதில் ஒரு கிளை. ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சுற்றுலா விசாவில் போய்ச் சமயப் பிரசாரம் செய்வது பல நாடுகளில் விதிமீறல், நம் நாட்டிலும்தான். 2018 நவம்பரில் அந்தமானின் வட சென்டினல் தீவுக்குத் திருட்டுத்தனமாகப் போய் அம்புபட்டுச் செத்த ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞரை நினைவிருக்கும். அவரும் சுற்றுலா விசாவில் வந்தவர்தான். தீவு என்றாலே சிலருக்கு, இதுவரை யாரும் எட்டாத ஆத்துமாக்கள் அங்கே காத்திருப்பதாக ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.

காது கேளாதோர் விஷயத்தில் தீவுகளுக்கு உண்மையாகவே ஒரு தனிக்கதை உண்டு. வெளியே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது குறைவு என்பதால் பிறவிக் கேளாமை சில தீவுகளில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் 1694 வாக்கில் ஜோனதன் லாம்பெர்ட் என்ற காது கேளாத தச்சர் குடியேறினார். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே 155 பேருக்கு ஒருவர் காது கேளாதவர். நாடு முழுக்க எடுத்தால் 5,700 சொச்சம் பேருக்கு ஒருவர். சில்மார்க் என்ற ஊரில் மட்டும் பார்த்தால் 25-க்கு ஒன்று. விளைவு என்ன தெரியுமா? ஊரே கையால் பேசியது. கேட்கிறவர்கள் இரண்டு பேர் படகுக்குப் படகு பேசிக்கொள்ளவும் சைகைதான். கோயிலில் பிரசங்கத்தைப் பக்கத்தில் இருப்பவரே கையால் சொல்லிவிடுவார். காது கேளாதவர் எழுந்து சாட்சி சொன்னால் சபைக்கே புரியும். நோரா எலன் குரோஸ் என்ற மானுடவியலாளர் அந்த ஊர்க் கிழவர்களிடம் உட்கார்ந்து கேட்டு 1985-ல் புத்தகமாக்கினார். அந்தப் பரம்பரையின் கடைசிக் காது கேளாத பெண்மணி 1952-ல் இறந்துபோனார்.

பாலித் தீவின் வடக்கே பெங்காலா என்று ஒரு கிராமம். மூவாயிரம் பேர் அளவில் இருக்கிற ஊரில் நாற்பதுக்கு மேல் காது கேளாதவர்கள். 'கோலோக்' என்பது அவர்களுக்குப் பெயர். ஊரில் பெரும்பாலோர் அவர்களுடைய சைகையைப் பேசுவார்கள். அவர்கள் இந்துக்கள், காது கேளாத தெய்வம் ஒன்றையும் அவர்கள் நம்பிக்கையில் வைத்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது கண் விரிந்து, "அந்த சாமிகிட்ட எந்தக் கையால கும்பிடுவாங்க?" என்று கேட்டார். அவரோடு இதுதான் தொல்லை.

இப்படிப்பட்ட தீவுக்கு வெளியூர்க் குழு ஒன்று 'மொழி இல்லாதவர்களுக்கு மொழி கொடுக்க' வந்து இறங்கினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

போஹோல் அப்படிப்பட்ட ஊர் இல்லை. அங்கே பெரும்பாலான காது கேளாத குழந்தைகள் கேட்கிற வீடுகளில், தனித்தனியாக, அம்மாவோடு நாலு வீட்டுச் சைகையில் வளர்கிறவர்கள். நம் ஊர் போலத்தான். 'புங்கோல்' என்றால் அந்த ஊர் மொழியில் செவிடு, 'அமாங்' என்றால் ஊமை. இரண்டும் நம் சொற்களைப் போலவே தெருவில் வசவாகவும் ஓடுகின்றன. போகுமுன் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் போனேன். பிலிப்பைன்ஸில் சமயமும் சைகையும் சந்தித்தது புதிதல்ல. 1590-களிலேயே, போஹோலுக்கு அண்டைத் தீவான லெய்த்தேயின் டுலாக் என்ற இடத்தில் இயேசு சபைத் துறவிகள் காது கேளாதவர்களுக்குச் சைகையால் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்ததைப் பற்றிய கடிதக் குறிப்பு இருக்கிறது. பாரிஸில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார், இரண்டு காது கேளாத சகோதரிகள் ஆண்டவரை அறியாமல் போய்விடுவார்களே என்று கவலைப்பட்டுப் பள்ளி தொடங்கியது 1760-களில். காது கேளாதோர் கல்வியின் தந்தை என்று உலகம் கொண்டாடுவது அவரை. லெய்த்தே துறவிகள் அவருக்கு நூற்றறுபது வருஷம் முந்தியவர்கள். பெயர் வாங்கத் தெரியவில்லை.

பிறகு 1907-ல் டிலைட் ரைஸ் என்ற இளம் ஆசிரியை அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்து மணிலாவுக்கு வந்து அந்த நாட்டின் முதல் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது. இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இந்தப் பெண்ணும் எட்டு வயதில் யாருக்கோ வாயாக நின்றிருப்பாள். அவர் வந்து ஐந்து வருஷத்தில், 1912-ல், மேரி சாப்மன் என்ற மிஷனரி இலங்கையில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். இன்று ரத்மலானையில் இருக்கிறது. பாளையங்கோட்டை, மணிலா, ரத்மலானை: ஏறக்குறைய இருபதே வருஷத்துக்குள் கப்பலேறி வந்த மூன்று பெண்கள். ஆனால் அவர்கள் யாரும் ஒன்பது நாளில் திரும்பிப் போகவில்லை.

ரைஸ் அம்மையாரோடு அமெரிக்க சைகையும் வந்தது. பின்னால் வந்த அமெரிக்கத் தன்னார்வலர்களும் சபைகளும் அதையே வளர்த்தார்கள். காது கேளாத பிலிப்பைன்ஸ்காரர்கள் அதை வாங்கி, தங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றி, தங்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். 2018 அக்டோபரில் ஒரு சட்டம், பிலிப்பைன்ஸ் சைகைமொழியே அந்த நாட்டுக் காது கேளாதோரின் தேசியச் சைகைமொழி என்று சொன்னது. நாங்கள் போனது அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால்.

செபுவில் இருந்து இரண்டு மணி நேரக் கப்பல். எட்டுப் பேர் நாங்கள்: போதகர், அவர் மனைவி, நான், மற்ற ஐந்து பேர் காது கேளாதவர்கள். அந்த ஐவரில் மூத்தவர் தூத்துக்குடிப் பக்கத்துத் தச்சர். காது கேளாதவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. இவருடையது, ஆள்காட்டி விரலால் இடது புருவத்தை ஒரு கோடு கிழிப்பது. சின்ன வயதில் உளி பட்ட தழும்பு. நான் தழும்பண்ணன் என்று கூப்பிடுவேன். கப்பலில் எல்லோரும் கீழே ஏசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். "இஞ்சின் காலில் கேட்கிறது" என்றார். உண்மைதான், தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

தக்பிலாரான் நகரில் கதீட்ரலுக்குப் பக்கத்தில் கார்டன் கஃபே என்று ஒரு உணவகம். அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் காது கேளாதவர்கள். டென்னிஸ் டிரேக் என்ற அமெரிக்கர் தன்னார்வலராக வந்து அந்தத் தீவிலேயே நின்றுவிட்டவர். 1985-ல் காது கேளாதோர் கல்விக்கென்று அவர் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு பள்ளிகளையும், படித்து முடித்தவர்களுக்கு வேலை தரும் தொழில்களையும் நடத்துகிறது. இந்த உணவகமும் அதில் ஒன்று. சுற்றுலா வருகிறவன் சாப்பிடுகிற காசு ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போகிறது. தீவு உலாவையும் ஊழியத்தையும் ஒரே இலையில் பரிமாறுவது என்றால் இதைத்தான் சொல்வேன். பிரசங்கம் எதுவும் இல்லை. காபி நன்றாகவே இருந்தது.

அங்கேதான் அந்த வேடிக்கை நடந்தது. நம் இந்திய சைகையில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையால் காட்டுவோம். அது பிரிட்டிஷ் வழி. அவர்களுக்கு அமெரிக்க வழி, ஒற்றைக் கை. ஆகவே எங்கள் ஆட்கள் பெயர் சொல்லப் போனால் எழுத்தே ஒத்துப்போகவில்லை. இருபது வருஷம் சைகையிலேயே சம்பாதித்த நான் தடுமாறி நின்றேன். தழும்பண்ணன் எழுத்தை விட்டார். புருவத்தைக் கிழித்துக் காட்டினார், உளியை ஓங்கினார், ரத்தத்தைத் துடைத்தார், அம்மா அடித்ததைக் காட்டினார். பரிமாற வந்த பெண் சிரித்துவிட்டுத் தன் கன்னத்தில் விரலால் குழி தோண்டிக் காட்டினாள். அவள் பெயர் அது: கன்னக்குழி. அரைமணி நேரத்தில் எங்கள் ஐந்து பேரும் அவர்கள் நாலு பேரும் சம்பளம், கல்யாணம், பூகம்பம் என்று எங்கேயோ போய்விட்டார்கள். 2013 அக்டோபர் 15 காலையில் 7.2 அளவு நிலநடுக்கத்தில் தீவு குலுங்கியதில் லோபோக், மரிபோஹோக், லூன் ஊர்களின் நூற்றாண்டுப் பழைய கோயில்கள் விழுந்தன. கன்னக்குழி இரண்டு கையால் ஒரு கோபுரத்தைக் கட்டி, அதை நிதானமாகச் சரித்தாள். கடைசியில் ஒரு சின்னக் கல் உருண்டு அவள் கால்மாட்டில் வந்து நின்றது. கேட்கிற காதுள்ள நாங்கள் மூன்று பேரும் மெனு கார்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். சிலர் ஜீப்னியில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து. போதகர் தயாராக இருந்தார். மாற்கு ஏழாம் அதிகாரம்: காது கேளாத, வாய் திக்குகிற ஒருவனை இயேசு சுகமாக்கிய கதை. அவர் தமிழில் பேசுவார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த ஊர் மொழிபெயர்ப்பாளர் அதைக் கேட்டுச் சைகையாக்குவார். பக்கவாட்டில் எங்கள் ஐவருக்கும் நானே இந்திய சைகையில் சொல்ல வேண்டும். எனக்கு இருப்பது ஒரு வாய், இரண்டு கை. பத்து நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டியது. போதகர் ஒரு சிரிப்புக் கதை சொன்னால், அது மூன்று மொழி கடந்து போய்ச் சேரும்போது அவர் அழுகைக் கதைக்கு வந்துவிட்டிருப்பார். கூட்டம் மரியாதையாகச் சிரித்தது, தப்பான இடத்தில்.

கன்னக்குழி முன்வரிசையில் இருந்தாள். தழும்பண்ணனைப் பார்த்து மடியில் வைத்த கையாலேயே ஏதோ சொன்னாள். அண்ணன் எனக்குத் திருப்பிச் சொன்னார்: "வருகிற எல்லாக் குழுவும் இந்தக் கதையைத்தான் கொண்டுவருகிறதாம்."

போதகரிடம் மெதுவாகச் சொன்னேன். "ஐயா, நம்ம அண்ணன் கொஞ்சம் எடுக்கட்டுமே." அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு, அவரைப் பாராட்டத்தான் வேண்டும், மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தழும்பண்ணன் எழுந்து போய் எந்த நாட்டுச் சைகையும் இல்லாத ஒரு சைகையில் அதே கதையைத் தொடங்கினார். முதலில் ஜனக்கூட்டம்: தள்ளுமுள்ளு, எட்டிப் பார்க்கிறவன், குழந்தையைத் தோளில் வைத்தவன். நடுவில் ஒருத்தன், யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் முழிக்கிறான். இயேசு அவன் கையைப் பிடித்துக் கூட்டத்தில் இருந்து தனியாக, தள்ளி, அழைத்துப் போகிறார். அங்கே அண்ணன் நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்து: ஏன் தனியாக? கூட்டத்துக்குள் அவனால் எதையும் பார்க்க முடியாது, அதனால். பிறகு இயேசு அவன் காதில் விரலை வைக்கிறார், நாக்கைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். அண்ணன் மறுபடி நிறுத்தினார். காது. நாக்கு. மேலே. மூச்சு. "பார்த்தீர்களா? அவர் சைகை பேசுகிறார்."

நாற்பது ஜோடிக் கைகள் மேலே எழுந்து காற்றில் படபடத்தன. காது கேளாதோர் கைதட்டுவது அப்படித்தான்.

இந்த விளக்கம் அண்ணனின் கண்டுபிடிப்பு இல்லை. உலகம் முழுக்கக் காது கேளாத போதகர்கள் பலர் அந்தப் பகுதியை இப்படித்தான் வாசிக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது காது திறந்த கதை. காது கேளாதவர்களுக்கு அது, கடவுள் தங்கள் மொழியில் பேசிய கதை. ஒரே பத்தி, இரண்டு மதம் என்று சொல்லலாமா என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

அதன் பிறகு நடந்ததுதான் என்னால் மறக்கவே முடியாதது. ஒரு கிழவர் எழுந்தார், மீனவர்போல் இருந்தார். கேட்டார்: காது வந்த பிறகு அந்த ஆள் தன் பழைய காது கேளாத கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருந்தானா, விட்டுவிட்டானா? இன்னொரு பையன்: அவன் வாயால் முதலில் பேசிய வார்த்தை எந்த மொழி, யார் கற்றுக்கொடுத்தார்கள்? கன்னக்குழி: பரலோகத்தில் என் காது திறந்துவிடுமா? அண்ணன் சொன்னார்: தெரியாது. ஆனால் அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் கையால் பேசக் கற்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். போதகர் நெளிந்தார். வேதாகமத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கிசுகிசுத்தார். வேதாகமத்தில் எங்கே இல்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கேள்விகள்தான். பிரசங்கம் இருபது நிமிஷம். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலும் ஐயரும் அப்பாவும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

மறுநாள் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் யாரோ நல்ல மனசுக்காரர்கள் பயன்படுத்திய காது மெஷின்கள் இருபதை எங்களிடம் கொடுத்து விட்டிருந்தார்கள். காது மெஷின் கண்ணாடி போல எடுத்து மாட்டுகிற பொருள் இல்லை. ஒவ்வொருவர் கேட்கும் அளவுக்கும் அதைத் திருத்தி அமைக்க வேண்டும். காதுக்குள் போகும் அச்சு அந்தந்தக் காதுக்கென்று எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பேட்டரி தீரும், வாங்கக் காசு வேண்டும். எங்கள் குழுவில் இதெல்லாம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு பள்ளிப் பையனுக்கு மாட்டிப் போட்டோ எடுத்தோம். 'வீல்' என்று கத்தியது மெஷின். அவன் அதைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டான். மிச்சம் பத்தொன்பதும் ஒரு அலமாரிக்குள் போயின. அந்த அலமாரியில் ஏற்கெனவே வேறு குழுக்கள் கொண்டுவந்தவை ஒரு டப்பா நிறைய இருந்தன.

சுற்றிப் பார்க்கிற நாள் சாக்லேட் மலைகளுக்குப் போனோம். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட குன்றுகள், அடுப்பங்கரையில் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் போல. கோடையில் புல் காய்ந்து பழுப்பாகும் என்பதால் அந்தப் பெயர். பிப்ரவரியில் பச்சையாகவே இருந்தன. கன்னக்குழியும் இரண்டு நண்பர்களும் கூட வந்தார்கள். படியேறும்போது அவள் அண்ணனிடம் கேட்டாள்: விமான டிக்கெட் எவ்வளவு? அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். அவள் விரல்விட்டு எண்ணிப் பெசோவாக மாற்றினாள். எட்டுப் பேருக்குமாகப் பெருக்கினாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மலையைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கடைக்கணக்கைச் சரிபார்க்கிற முகம்தான். ஆனாலும் எனக்கு அதற்குமேல் ஏறக் கால் வரவில்லை. எங்கள் ஐந்து லட்சத்து இருபதாயிரம் ரூபாயில் அந்த ஊரிலேயே ஒரு காது கேளாத வாத்தியாரை எத்தனை மாதம் வைத்திருக்கலாம்?

அதற்காக யாரும் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அண்ணன் போயிருக்காவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் நடந்திருக்காது. யார் போகிறார்கள், போய் யார் முன்னால் நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிரில் ஆக்ஸல்ராட் என்று ஒரு பாதிரியார். 1942-ல் ஜோகன்னஸ்பர்க்கில் யூதக் குடும்பத்தில் காது கேளாதவராகப் பிறந்து, கத்தோலிக்கராகி, 1970-ல் குருப்பட்டம் பெற்றவர். மக்காவ் நகருக்குப் போய் அங்கேயே வருஷக்கணக்கில் தங்கி, அந்த ஊர்க் காது கேளாதோருக்கு ஒரு சங்கம் உருவாகத் துணை நின்றார். அதற்குள் அவர் கண்பார்வையும் போய்க்கொண்டிருந்தது. பிறகு முழுதும் போய்விட்டது. அதற்கப்புறமும், எதிரில் இருப்பவர் கையைத் தன் கையால் தொட்டுத் தடவிப் பேச்சைப் புரிந்துகொண்டார். நம் நாட்டில் ஜோசப் தேர்மடம் என்பவர் 2024 மே மாதம் திருச்சூரில் குருவானார். இந்தியாவின் முதல் காது கேளாத கத்தோலிக்கக் குரு. லெய்த்தேயில் துறவிகள் சைகை பேசி நானூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் நமக்கு முதலாமவர்.

வேதாகமமும் அப்படித்தான் தாமதம். அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். சைகையில் வளர்ந்தவருக்கு எழுத்துமொழி இரண்டாம் மொழி. அப்பா தமிழில் 'கேள்வி'யிடம் மாட்டிக்கொண்டதைப் பார்த்தோமே. ஆகவே சைகை வேதாகமம் என்பது வீடியோ. எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எழுத்தில் 'காதை வெட்டினான்' என்று போய்விடலாம். கையால் சொல்லும்போது எந்தப் பக்கத்துக் காது என்று முடிவெடுத்தாக வேண்டும். நல்லவேளை, வலது காது என்று லூக்காவும் யோவானும் எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அந்த வசதி இல்லை. யார் எங்கே உட்கார்ந்திருந்தார், கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பஞ்சாயத்து. அமெரிக்க சைகைமொழியில் முழு வேதாகமமும் முடிந்தது 2020-ல்தான். 'டெஃப் மிஷன்ஸ்' என்ற அமைப்பு 1980-களில் கையில் எடுத்த வேலை அது. யெகோவாவின் சாட்சிகளும் தங்கள் மொழிபெயர்ப்பை அதே வருஷம் முடித்தார்கள். இந்தப் பூமியில் முந்நூறு சைகைமொழிக்கு மேல் இருக்கின்றன என்கிறார்கள்.

எங்கள் பயணத்துக்கு அடுத்த இரண்டு வருஷமும் போதகர் போஹோல் போனார். மெஷின் எதுவும் கொண்டுபோகவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. தழும்பண்ணனையும் இன்னும் இரண்டு காது கேளாதவர்களையும் அழைத்துக்கொண்டு, மாதம் முழுக்கத் தங்கினார். எனக்கு வருத்தம்தான். ஆனால் அது சரியான முடிவு என்று எனக்கே தெரியும். அண்ணனும் கன்னக்குழியும் இன்றும் வீடியோ காலில் பேசிக்கொள்கிறார்கள்; அவர்கள் பேசுகிற அந்த மொழி எந்த நாட்டுக் கணக்கிலும் வராது.

போஹோலில் இருந்து நான் திரும்பி வந்த மறுவாரம் பாளையங்கோட்டை போனேன். அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. போஹோலில் கலாமாய் என்று ஒரு இனிப்பு: ஒட்டும் தன்மையுள்ள அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போன்ற ஒரு வெல்லம், கிண்டிக் கிண்டி எடுத்தது, நம் கீழக்கரைத் தொதலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. இரண்டு தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்து, ஓரத்தில் சிவப்புத் தாள் ஒட்டி விற்பார்கள். ஒன்று வாங்கி வந்திருந்தேன். அப்பா சிரட்டையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், தாளை நகத்தால் சுரண்டினார். நான் என்னென்ன சொன்னேன் என்று கேட்கவே இல்லை. அவர்கள் என்ன கேட்டார்கள் என்றுதான் கேட்டார். கிழவரின் கேள்வியைச் சொன்னேன். பழைய கூட்டாளிகளை அவன் விட்டுவிட்டானா. அப்பா ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் கேட்க வேண்டிய கேள்வியை எவனோ ஒரு மீன்காரன் கேட்டுவிட்டானே என்பது போல் தலையை ஆட்டினார்.

விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டே சிரட்டையைக் காட்டி ஒரு கையால் கேட்டார்: இதுக்கு அவங்க கையில என்ன பேரு?

அதை நான் கேட்டுவரவில்லை.